பெயர் தாங்கும் கற்கள்

நுழையும்முன்

போரில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதை வரலாறு எளிதில் குறித்துவைக்கிறது. இறந்தவர் யார் யார் என்பதைக் குறித்துவைப்பது அத்துணை எளிதன்று. இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில், பசிபிக் பெருங்கடலின் ஒகினாவாத் தீவில் நிகழ்ந்த போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களை ஒருவர் விடாமல் பெயர் சொல்லி நினைவுகூர அத்தீவின் மக்கள் மேற்கொண்ட முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

குன்றின்மேல் ஒரு காலைப்பொழுது

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 23ஆம் நாள் காலையில், ஒகினாவாவின் தென்முனையில் உள்ள மாபுனிக் குன்றுக்கு மக்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். கடலை நோக்கி வரிசை வரிசையாக நிற்கும் கருங்கற்சுவர்களுக்கு இடையே நடந்து, தமக்குரிய பெயரைத் தேடுகின்றனர். பெயரைக் கண்டதும் கல்லின்மேல் நீர் வார்க்கின்றனர், மலர் வைக்கின்றனர், செதுக்கப்பட்ட எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கின்றனர். மூதாட்டி ஒருவர் கல்லின்முன் அமர்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருப்பதும் அங்கு அரிய காட்சியன்று.

அவர்களுள் பலருக்கு அந்த எழுத்துகளைத் தவிர வேறொன்றும் எஞ்சவில்லை. இறந்தவரின் உடல் கிடைக்கவில்லை, இறந்த இடம் தெரியாது, நாளும் தெரியாது. பெயர் மட்டுமே மிஞ்சியது. அப்பெயரைத் தாங்கி நிற்கும் சுவர்களுக்கு 'அமைதியின் அடிக்கல்' என்று பெயர்.

போரில் வீழ்ந்தவருக்குக் கல் நடும் வழக்கம் உலகின் பல மக்களிடம் உண்டு. அக்கல் பெரும்பாலும் தம்மவர்க்கே நடப்படும். மாற்றாரின் பெயர் அதில் இடம்பெறுவதில்லை. மாபுனிக் குன்றின் கற்களோ தீவின் மக்களையும், தீவைக் காக்க வந்த படையினரையும், தீவைத் தாக்க வந்த படையினரையும் ஒரே அளவான எழுத்துகளில் தாங்கி நிற்கின்றன. இத்தகைய நினைவுச்சின்னம் ஏன் தோன்றியது என்பதை அறிய, அத்தீவின் கதையை அறிதல் வேண்டும்.

தீவும் அதன் மக்களும்

ஜப்பானின் கியூஷுத் தீவுக்கும் தைவானுக்கும் இடையே வில்போல் வளைந்து கிடக்கிறது ரியூக்யூத் தீவுக்கூட்டம். அதன் பெருந்தீவே ஒகினாவா. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் அங்கு ரியூக்யூ அரசு தனியரசாக விளங்கியது. ஷுரி நகரத்துக் கோட்டை அதன் தலைமையிடம். சீனம், கொரியா, ஜப்பான், சயாம், மலாக்கா ஆகிய நாடுகளோடு அவ்வரசு கடல்வழி வணிகம் செய்து செழித்தது. அம்மக்களின் மொழிகளும் பாடல்களும் வழிபாட்டு முறைகளும் ஜப்பானியருடையவற்றிலிருந்து வேறுபட்டவை.

1879இல் ஜப்பானிய அரசு அத்தனியரசை நீக்கித் தீவுகளைத் தன் மாகாணமாக்கியது. பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுத்தப்பட்டது. தாய்மொழியில் பேசிய மாணவர் தண்டிக்கப்பட்டனர். பேரரசருக்காக உயிர்துறப்பதே உயர்ந்த அறம் எனக் கற்பிக்கப்பட்டது. தாமும் முழுமையான ஜப்பானியரே என மெய்ப்பிக்க வேண்டிய நெருக்கடியில் அம்மக்கள் வாழ்ந்தனர். பின்னர் நிகழ்ந்த பேரழிவைப் புரிந்துகொள்ள இச்சூழல் இன்றியமையாதது.

போர் வந்த வழி

1944 ஜூலையில் சைப்பான் தீவு அமெரிக்கப் படையிடம் வீழ்ந்தது. அடுத்து ஒகினாவா தாக்கப்படலாம் என்ற நிலை உருவானது. ஜப்பானின் பெருநிலத்தைத் தாக்க அமெரிக்கா விரும்பினால், அதற்கு ஏற்ற தளமாக ஒகினாவாவே அமைந்திருந்தது. ஜப்பானின் 32ஆம் படை தீவில் நிறுத்தப்பட்டது. விமானத்தளங்கள் அமைக்கவும் சுரங்கங்கள் தோண்டவும் முதியோரும் பெண்களும் மாணவரும் வேலைக்கு அழைக்கப்பட்டனர்.

சிறுவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பும் முயற்சியும் துயரத்தில் முடிந்தது. 1944 ஆகஸ்டு 22ஆம் நாள், பள்ளிச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற 'த்சுஷிமா மாரு' என்னும் கப்பல் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இறந்தோருள் 780க்கும் மேற்பட்டோர் பள்ளிக் குழந்தைகள். அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நிகழ்ந்த வான்தாக்குதலில் தலைநகர் நாஹாவின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது.

1945 மார்ச் 26ஆம் நாள் கெராமாத் தீவுகளிலும், ஏப்ரல் 1ஆம் நாள் ஒகினாவாவின் மேற்குக் கரையிலும் அமெரிக்கப் படை இறங்கியது. கடற்கரையில் எதிர்ப்பு ஏறக்குறைய இல்லை. ஜப்பானியப் படைத்தலைவர் உஷிஜிமா, ஷுரிக் கோட்டையின் அடியில் சுரங்கத் தலைமையகம் அமைத்து, தீவின் நடுப்பகுதிக் குன்றுகளில் படையைப் பதுக்கி வைத்திருந்தார். போரை இயன்றவரை நீட்டித்து, பெருநிலத்தின்மீதான தாக்குதலைத் தாமதப்படுத்துவதே அவர்களின் நோக்கம். வெற்றிக்காக அன்றி, காலத்துக்காக நடத்தப்பட்ட போர் அது. அந்தக் காலத்தின் விலையைத் தீவின் மக்கள் செலுத்தினர்.

கடலிலிருந்தும் வானிலிருந்தும் நிலத்திலிருந்தும் குண்டுகள் இடைவிடாது பொழிந்தன. அதனை ஒகினாவா மக்கள் 'எஃகுப் புயல்' என்று அழைத்தனர். ஒரு குன்றின் சில நூறு அடி நிலத்துக்காகப் பல நாள் போரிட்டு இருதரப்பிலும் இளைஞர்கள் மடிந்தனர். மாஎதாக் குன்றில், அறத்தின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுத்த டெஸ்மண்டு டாஸ் என்னும் அமெரிக்க மருத்துவப் படைவீரர், காயமுற்ற ஏறத்தாழ 75 பேரைச் செங்குத்தான பாறையிலிருந்து கயிற்றில் ஒருவர்பின் ஒருவராக இறக்கிக் காத்தார். கடலில் நின்ற கப்பல்கள்மீது ஜப்பானிய இளைஞர்கள் தம் விமானங்களோடு மோதி இறந்தனர். ஏறத்தாழ 4,900 அமெரிக்கக் கடற்படையினர் உயிரிழந்தனர்.

மே மாத இறுதியில் ஜப்பானியப் படை ஷுரியைக் கைவிட்டுத் தென்முனைக்குப் பின்வாங்கியது. அங்கு ஏற்கெனவே பல்லாயிரம் மக்கள் தஞ்சம் புகுந்திருந்தனர். படையும் மக்களும் கலந்து நின்ற அக்குறுகிய நிலத்தின்மீது குண்டுமழை தொடர்ந்தது. பொதுமக்களுள் மிகப் பலர் போரின் இவ்விறுதி வாரங்களிலேயே மடிந்தனர். ஜூன் 18ஆம் நாள் அமெரிக்கப் படைத்தலைவர் பக்னர் குண்டடிபட்டு இறந்தார். அடுத்த சில நாள்களில் உஷிஜிமா தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். படையமைப்போடு நடந்த போர் அத்துடன் முடிந்ததாகக் கொண்டே ஜூன் 23ஆம் நாள் நினைவுநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. முறைப்படியான சரணடைவு செப்டம்பர் 7ஆம் நாள்தான் கையொப்பமானது.

எண்கள் சொல்லாதவை

ஒகினாவாப் போரில் இறந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மாகாண அரசு கணக்கிட்டுள்ளது. அவர்களுள் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 12,500 பேர். ஜப்பானின் பிற மாகாணங்களிலிருந்து வந்த படையினர் ஏறத்தாழ 66,000 பேர். ஒகினாவாவைச் சேர்ந்தோர் 1,22,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பான்மையினர் பொதுமக்கள். மாகாணத்து மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இறந்தார் என்று கூறப்படுகிறது. கொரியாவிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டு மடிந்தோருக்கு முழுமையான ஆவணமே இல்லை.

எண்கள் அழிவின் அளவைக் காட்டும், அழிந்தவரைக் காட்டா. 'இரண்டு இலட்சம்' என்று சொல்லும்போது எவர் முகமும் மனத்தில் எழுவதில்லை. ஆகவேதான் ஒகினாவா மக்கள், இறந்தோரை எண்ணிக்கையிலிருந்து மீட்டுப் பெயருக்குக் கொண்டுவர முயன்றனர்.

ஏடு ஏந்திய கைகள்

அக்காலத்தில் ஒகினாவாவில் இருந்த 21 இடைநிலைப் பள்ளிகளின் மாணவர் போருக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கொண்ட அக்கூட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் உயிருடன் திரும்பவில்லை. மாணவர்கள் செய்தி கொண்டுசெல்லவும், அறுந்த தொலைபேசிக் கம்பிகளை இணைக்கவும், வெடிபொருளோடு பீரங்கி வண்டிகளை எதிர்க்கவும் ஏவப்பட்டனர். மாணவியர் படை மருத்துவமனைகளில் பணியமர்த்தப்பட்டனர்.

அவர்களுள் 'ஹிமேயூரி' மாணவியர் பலராலும் அறியப்பட்டவர்கள். ஒகினாவாவின் பெண் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் முதலாம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியும் ஒரே வளாகத்தில் இயங்கின. அவ்விரண்டு பள்ளி இதழ்களின் பெயர்களை இணைத்து உருவானதே ஹிமேயூரி என்னும் பெயர். 1945 மார்ச் 23ஆம் நாள் இரவில், 15 முதல் 19 வயது வரையிலான 222 மாணவியரும் 18 ஆசிரியர்களும் ஹாஎபாரு என்னும் ஊரில் இருந்த படை மருத்துவமனைக்குச் சென்றனர்.

மருத்துவமனை என்பது பெயரளவில்தான். குன்றின் பக்கங்களில் தோண்டப்பட்ட இருண்ட சுரங்கங்களில், இருபுறமும் அடுக்குக் கட்டில்கள் போடப்பட்டிருந்தன. மருந்து தீர்ந்தபின் மயக்க மருந்தின்றியே அறுவை செய்யப்பட்டது. மாணவியர் புண்களைத் தூய்மை செய்தனர். வெட்டப்பட்ட உறுப்புகளை வெளியே கொண்டுசென்று புதைத்தனர். குண்டுமழைக்கு நடுவே நீரும் உணவும் சுமந்தனர். போர் சில நாள்களில் முடிந்துவிடும், மீண்டும் வகுப்புக்குத் திரும்பலாம் என்று நம்பிப் பாடநூல்களையும் எழுதுபொருள்களையும் உடன் கொண்டுசென்றோர் அவர்களுள் உண்டு.

மே மாத இறுதியில் மருத்துவமனையும் தெற்கே பெயர்ந்தது. நடக்க இயலாத நோயாளிகள் கைவிடப்பட்டனர். ஜூன் 18ஆம் நாள் இரவில், மாணவியர் படையைக் கலைப்பதாகத் திடீரென ஆணை வந்தது. நாற்புறமும் எதிர்ப்படை சூழ்ந்திருக்க, ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி செல்லலாம் என்று கூறிக் குகைகளிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் காலையில் இஹாராவில் இருந்த மூன்றாம் அறுவைப் பிரிவுக் குகை தாக்கப்பட்டபோது, அதனுள் இருந்த ஏறத்தாழ 100 பேரில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவமனைக்குச் சென்ற 240 பேரில் 136 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கலைப்பு ஆணைக்குப் பின்னரே மடிந்தனர்.

இரண்டு குகைகள்

ஒகினாவாவின் பவளச் சுண்ணப்பாறையில் இயற்கையாகவே குகைகள் மிகுதி. அவற்றை அம்மக்கள் 'காமா' என்பர். போர்க்காலத்தில் அவையே மக்களின் புகலிடமாயின. யோமித்தான் ஊரில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு குகைகளின் கதை, அறியாமையும் அச்சமும் எவ்வளவு கொடியவை என்பதை உணர்த்தும்.

சிபிசிரிக் குகையில் ஏறத்தாழ 140 பேர் ஒளிந்திருந்தனர். பிடிபட்டால் கொடிய சித்திரவதைக்கு உள்ளாக நேரும் என்றும், பிடிபடுவதைவிட இறப்பதே மேல் என்றும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கப் படை குகை வாயிலை அடைந்தபின், ஏப்ரல் 2ஆம் நாள் 83 பேர் தம் குடும்பத்தார் கையாலும் தம் கையாலும் இறக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். இறந்தவருள் பாதிக்கும் மேற்பட்டோர் சிறார்.

அருகிலிருந்த ஷிமுக்குக் குகையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர். அவர்களுள் இருவர் முன்னர் ஹவாய்த் தீவில் வாழ்ந்து திரும்பியவர்கள்; ஆங்கிலம் அறிந்தவர்கள். எதிர்ப்படையினரும் மனிதர்களே என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். மூங்கில் ஈட்டிகளோடு பாய முற்பட்டோரைத் தடுத்து, வெளியே சென்று படையினரிடம் பேசினர். ஏறத்தாழ ஆயிரம் பேரும் உயிர்தப்பினர். மாற்றாரின் மொழியை இருவர் அறிந்திருந்ததே ஓர் ஊரைக் காத்தது.

உயிர்பிழைத்த சிபிசிரி மக்கள் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. உற்றாரின் இறப்பில் தம் கையும் கலந்திருந்த துயரம் அவர்களை ஊமையாக்கியது. ஏறத்தாழ 38 ஆண்டுகளுக்குப் பின், 1983இல்தான் நடந்தவை வெளிப்படையாகத் திரட்டப்பட்டன. மறக்க இயலாததைப் பேச இயலாமையும் போரின் காயங்களுள் ஒன்று என்பதை இது காட்டுகிறது.

எலும்பு திரட்டிய ஊரார்

போர் முடிந்தபின் ஒகினாவா மக்கள் முகாம்களில் வைக்கப்பட்டனர். மாவாஷி ஊரைச் சேர்ந்தோர் தம் சொந்த ஊருக்குத் திரும்ப இயலாமல், 1946இன் தொடக்கத்தில் தென்முனையில் உள்ள கோமெசுப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். பயிரிடுவதற்காக நிலத்தைக் கண்டவர்கள் திகைத்தனர். வயல்களிலும் வரப்புகளிலும் பாறையிடுக்குகளிலும் மனித எலும்புகள் சிதறிக் கிடந்தன.

ஊர்த்தலைவர் கின்ஜோ வாஷின் அமெரிக்கப் படையிடம் இசைவு பெற்று, ஊராரோடு எலும்புகளைத் திரட்டத் தொடங்கினார். ஜப்பானியர், ஒகினாவாவினர், கொரியர், அமெரிக்கர் என்று பிரித்தறிய வழியில்லை. பிரிக்கவும் அவர்கள் முனையவில்லை. கடற்கரைக் கற்களைச் சுற்றிலும் அடுக்கி, அதனுள் ஏறத்தாழ 35,000 பேரின் எலும்புகளை ஒருசேர வைத்து, அதன்மேல் ஒரு நினைவுக்கல்லை நிறுத்தினர். 'கொன்பாக்குக் கோபுரம்' என்று வழங்கும் அதுவே போருக்குப் பின் ஒகினாவாவில் எழுந்த முதன்மையான நினைவிடம். 'கொன்பாக்கு' என்பது உயிர் அல்லது ஆவியைக் குறிக்கும் சொல்.

கின்ஜோ இணையரின் இரண்டு மகள்கள் ஹிமேயூரி மாணவியராகச் சென்று திரும்பாதவர்கள். மகள்களின் உடலைத் தேடிய பெற்றோர், முன்பின் அறியாத பல்லாயிரம் பேரின் எலும்புகளைத் தம்மவருடையதாகவே கருதித் திரட்டினர். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இஹாராக் குகையின் வாயிலில் சிறியதொரு கல்லை நட்டனர். அதுவே ஹிமேயூரி நினைவுத்தூண். சொந்தத் துயரம் அனைவருக்குமான பரிவாக விரிந்த இச்செயலே பின்னர் எழுந்த பெரிய நினைவுச்சின்னத்துக்கு வித்து எனலாம்.

பெயர் திரட்டிய பணி

போரில் ஏவப்பட்ட மாணவருள் ஒருவர் மசாஹிதே ஓட்டா. 1925இல் கூமேத் தீவில் பிறந்த அவர், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்றபோது மாணவர் படையில் சேர்க்கப்பட்டார். அவருடைய பணி, குகை குகையாகச் சென்று போர்ச்செய்திகளைத் தெரிவிப்பது. தம் வகுப்புத் தோழர்களுள் பலர் மடிந்ததைக் கண்டவர், தாம் மட்டும் ஏன் பிழைத்தோம் என்னும் வினாவோடு வாழ்ந்தார். அமெரிக்காவிலும் உயர்கல்வி பெற்று, ரியூக்யூப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ஒகினாவாப் போரைப் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து எழுதினார். 1990இல் ஒகினாவாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவருடைய ஆட்சிக்காலத்தில்தான் 'அமைதியின் அடிக்கல்' திட்டம் வடிவம்பெற்றது. நாடு, இனம், படையினர், பொதுமக்கள் என்னும் வேறுபாடின்றி, போரில் இறந்த அனைவர் பெயரையும் பொறிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கருத்து எளியது, நிறைவேற்றுவது கடினம். போரில் குடும்பப் பதிவேடுகள் எரிந்துபோயிருந்தன. சில ஊர்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் அழிந்திருந்ததால் இறந்தவரைப் பற்றிச் சொல்லவும் ஆளில்லை. எனவே வீடுவீடாகச் சென்று, உயிருடன் இருந்தோரின் நினைவிலிருந்து பெயர்கள் திரட்டப்பட்டன. எந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தனர், அடுத்த வீட்டுக் குழந்தையின் பெயர் என்ன என்று முதியோரைக் கேட்டுக் கேட்டு எழுதினர்.

பெயர் அறிய இயலாத குழந்தைகளும் இருந்தனர். பெயரிடப்படும் முன்பே இறந்த பச்சிளங்குழந்தைகளும் இருந்தனர். அவர்களையும் விட்டுவிட மனமின்றி, 'இன்னாரின் குழந்தை', 'இன்னாரின் மூத்த மகன்' என்று பொறித்தனர். அச்சுவர்களில் படிப்போரை நெடுநேரம் நிற்கவைக்கும் வரிகள் இவையே.

கல்லின் அமைப்பு

போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு நினைவாக, 1995 ஜூன் 23ஆம் நாள் அச்சின்னம் திறக்கப்பட்டது. அப்போது 2,34,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஒகினாவா மக்களைப் பொறுத்தவரை, 1931இல் தொடங்கிய போர்க்காலம் முழுவதிலும் பிற இடங்களில் இறந்தோரும் இதில் அடங்குவர். ஆதலால், பெயர்களின் எண்ணிக்கை ஒகினாவாப் போரில் இறந்தோரின் எண்ணிக்கையைவிட மிகுதி.

கருங்கற்சுவர்கள் மடித்து நிறுத்திய திரைகள்போல் அமைந்துள்ளன. மேலிருந்து நோக்கினால் அவை கரையிலிருந்து கடல்நோக்கிப் பரவும் அலைகளாகத் தோன்றும். போர் கடல்வழி வந்த இடத்திலிருந்து அமைதி கடல்வழியே உலகெங்கும் செல்ல வேண்டும் என்பது அதன் உட்பொருள். நடுப்பாதையின் முடிவில் உள்ள வட்ட வெளியில் ஒரு சுடர் எரிகிறது. அமெரிக்கப் படை முதன்முதலாக இறங்கிய கெராமாவின் ஆக்காத் தீவில் எடுத்த நெருப்போடு, அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் நெருப்பும் சேர்ந்த சுடர் அது. நடுப்பாதை, ஜூன் 23ஆம் நாளின் கதிரவன் எழும் திசையை நோக்கி அமைக்கப்பட்டுள்ளது.

ஒகினாவா மக்களின் பெயர்கள் ஊர்வாரியாகவும், பிற ஜப்பானியரின் பெயர்கள் மாகாணவாரியாகவும் அமைந்துள்ளன. அமெரிக்கர், பிரித்தானியர், கொரியர், தைவானியர் ஆகியோரின் பெயர்கள் அவரவர் எழுத்திலேயே உள்ளன. பெயர்களோடு படைப்பதவி குறிக்கப்படவில்லை. ஆணையிட்ட தலைவரும் ஆணைக்குப் பணிந்து மடிந்த பதினேழு வயது மாணவரும் அங்கு ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றனர்.

------
தெரிந்து தெளிவோம்

ஜூன் 23ஆம் நாள் ஒகினாவாவில் 'இறந்தோர் ஆறுதல் நாள்' எனக் கடைப்பிடிக்கப்படுகிறது. இது ஒகினாவா மாகாணத்துக்கு மட்டும் உரிய விடுமுறை நாள். நண்பகல் 12 மணிக்குத் தீவெங்கும் மக்கள் ஒரு நிமிடம் அமைதி காக்கின்றனர். மாபுனியில் நடைபெறும் நினைவுக்கூட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் ஒருவர் அமைதி குறித்துத் தாம் எழுதிய கவிதையை வாசிக்கிறார்.
------

தீராத வினாக்கள்

இந்நினைவுச்சின்னத்தை எல்லோரும் ஒருமனத்தோடு ஏற்றுக்கொண்டனர் என்று கூற இயலாது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும், ஏவியவரும் ஏவப்பட்டவரும் ஒரே சுவரில் இடம்பெறுவது முறையா என்று கேட்டோர் உண்டு. யாவரும் சமமாக இறந்தோர் என்று கூறினால், இறப்புக்குக் காரணமானவரின் பொறுப்பு மறைந்துவிடாதா என்பது அவர்களின் ஐயம்.

கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரியருள் சிலருடைய குடும்பத்தார், பெயரைப் பொறிக்க இசையவில்லை. தம்மவரை அடிமைபோல் நடத்தியவரின் பெயரோடு தம்மவர் பெயரும் நிற்பதை அவர்கள் இழிவாகக் கருதினர். கொரியருக்குரிய சுவரில் இன்றும் வெற்றிடம் மிகுதியாக உள்ளது. பொறிக்கப்பட்ட பெயர்களைப் போலவே அவ்வெற்றிடமும் ஒரு வரலாற்றைச் சொல்கிறது.

இவ்வினாக்களுக்கு எளிய விடை இல்லை. எனினும் ஒன்றைத் தெளிவாகக் காணலாம். நினைவுகூர்தல் வேறு, புகழ்தல் வேறு. மாபுனிச் சுவர்கள் எவரையும் வீரர் என்று புகழவில்லை. எவர் குற்றத்தையும் பொறுத்துக்கொள்ளவுமில்லை. இவர் வாழ்ந்தார், போரில் இறந்தார் என்று மட்டுமே சான்று பகர்கின்றன. யார் எதற்குப் பொறுப்பு என்பதை ஆராயும் கடமையை அவை படிப்போரிடம் விட்டுவிடுகின்றன. அவ்வாராய்ச்சிக்காகவே சின்னத்தின் அருகில் மாகாணத்தின் அமைதி நினைவு அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

போரின் சுவடுகளும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒகினாவா 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தது. ஜப்பானில் உள்ள அமெரிக்கப் படைத்தளங்களின் பெரும்பரப்பு இன்றும் அச்சிறு மாகாணத்திலேயே உள்ளது. கட்டடம் கட்ட நிலத்தைத் தோண்டும்போது வெடிக்காத குண்டுகள் கிடைக்கின்றன. குகைகளிலிருந்து எலும்புகள் இன்றும் எடுக்கப்படுகின்றன.

நினைவைக் கையளித்தல்

உயிர்பிழைத்த ஹிமேயூரி மாணவியர் பல ஆண்டுகள் தம் பட்டறிவைப் பேசத் தயங்கினர். தோழியரை இழந்து தாம் மட்டும் வாழ்வதே குற்றம்போல் அவர்களுக்குத் தோன்றியது. பின்னர், தாம் பேசாவிடில் தோழியரின் நினைவும் தம்மோடு அழிந்துவிடும் என உணர்ந்து ஒன்றுகூடினர். 1989இல் ஹிமேயூரி அமைதி அருங்காட்சியகத்தைத் தொடங்கினர். இறந்த மாணவியர், ஆசிரியர் ஆகியோரின் ஒளிப்படங்கள் அங்கு வரிசையாக உள்ளன. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரோடு அவர் எத்தகைய இயல்பினர், எவ்வாறு இறந்தார் என்ற குறிப்பும் உள்ளது.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக, அங்கு வந்த மாணவர்களிடம் அவர்கள் தாம் கண்டவற்றை நேரில் எடுத்துரைத்தனர். முதுமையின் காரணமாக 2015இல் அவ்வுரைகளை நிறுத்திக்கொண்டனர். போரைக் காணாத தலைமுறையினர், அவர்களிடம் கேட்டறிந்தவற்றை இப்போது எடுத்துரைக்கின்றனர். மசாஹிதே ஓட்டா 2017 ஜூன் 12இல், தம் 92ஆம் பிறந்தநாளன்று மறைந்தார். கண்டவர் குறையக் குறைய, கேட்டவரின் பொறுப்பு கூடுகிறது.

அமைதியின் அடிக்கல்லில் இன்றும் பெயர்கள் சேர்கின்றன. ஆண்டுதோறும் நினைவுநாளுக்கு முன்னர், புதிதாகக் கண்டறியப்பட்ட பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. மொத்தம் 2,42,000ஐக் கடந்துவிட்டது. 2022 முதல், நினைவுநாளுக்கு முந்தைய நாள்களில் அப்பெயர்கள் அனைத்தையும் ஒன்று விடாமல் வாய்விட்டு வாசிக்கும் பணியும் நடைபெறுகிறது. பலர் முறைவைத்துக்கொண்டு வாசித்தாலும் அது முடியப் பல நாள்கள் ஆகின்றன. இரண்டு இலட்சம் என்னும் எண்ணைச் சொல்ல ஒரு நொடி போதும். அதனுள் அடங்கிய மனிதரின் பெயர்களைச் சொல்ல இரவும் பகலும் போதவில்லை.

வாசிப்போருள் பள்ளி மாணவரும் உள்ளனர். தம் வயதையொத்த ஒருவரின் பெயரை, அவரைப் பற்றி வேறெதுவும் அறியாத நிலையில், பிழையின்றிச் சொல்ல அவர்கள் முயல்கின்றனர். 'இன்னாரின் குழந்தை' என்னும் வரி வரும்போது அதையும் ஒரு பெயராகவே வாசித்து, அடுத்த பெயருக்குச் செல்கின்றனர்.